பன்னிரண்டாவது பிளக்

வியாழக்கிழமையே வண்டி மிஸ் அடிக்க ஆரம்பித்திருந்தது. சந்தையில் நான்கு மூட்டை சிவப்புக் குடைமிளகாயை ஏற்றிக்கொண்டு வரும்போது, பாலத்து மேட்டில் ராதென்கோ ஆக்சிலரேட்டரை மிதித்தார். முன்பக்கம் ஒரு உலுக்கு உலுக்கியது. சமதரைக்கு வந்ததும் ஒன்றும் தெரியாததுபோல ஓடியது. அவர் வாய் திறக்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த அவர் மனைவி தெசாங்காதான் சொன்னாள்:

"உன் சீமாட்டிக்கு விக்கல் எடுக்குது பாரு."

அந்தக் கறுப்பு ஜெர்மன் காரை அவள் அப்படித்தான் சொல்வாள். வயது இருபதுக்கு மேல் ஆகிவிட்டது. தோல் சீட், மரப்பட்டை பதித்த டேஷ்போர்டு, பின்சீட்டுக்குத் தனித் திரைச்சீலை என்று ஒரு காலத்தில் பிரோத் ஊரிலேயே அப்படி ஒரு வண்டி இருந்ததில்லை. ஊரின் காலுறை ஆலை தன் டைரக்டருக்காக வாங்கியது. டைரக்டர் கிராதிமிர் பதினோரு வருடம் பின்சீட்டில் உட்கார்ந்தார். ராதென்கோ பதினோரு வருடம் ஓட்டினார். ஆலை மூடப்பட்டு, மெஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, இந்த வண்டியைச் சீந்த ஆள் இல்லை. பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கிற வண்டியை யார் கட்டி மேய்ப்பது? ராதென்கோ எடுத்துக்கொண்டார்.

வேறு நேரமாக இருந்தால் உலுக்கலை ஒரு வாரம் தள்ளிப்போட்டிருப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீஷ் நகரத்தில் டைரக்டரின் பேத்திக்குக் கல்யாணம். "மகள் ஆள் அனுப்புறேன்னா. எவனோ ஒருத்தனோட சின்னப் பெட்டி வண்டியில நான் போய் இறங்கவா? நம்ம வண்டியில போவோம், ராதென்கோ" என்று டைரக்டர் போனில் சொல்லியிருந்தார். ஆலை போய் ஒன்பது வருடம் ஆகியும் அவருக்கு அது 'நம்ம வண்டி'தான். ராதென்கோவும் மறுத்துச் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலையில் முற்றத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்து வைத்தார். ராத்திரி முழுக்க நின்றதால் என்ஜின் சில்லென்று இருந்தது. சூட்டோடு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அலுமினியத்தில் இருக்கிற மரையும் கூடவே உரிந்து வந்துவிடும். இந்த வண்டிக்கு ஆறு சிலிண்டர். ஆனால் சிலிண்டருக்கு இரண்டு பிளக். பன்னிரண்டையும் நீஷிலிருந்து பஸ் டிரைவர் ஒருவரிடம் சொல்லி வரவழைத்திருந்தார். அட்டைப்பெட்டிகளைப் பழைய போர்வையில் வரிசையாக அடுக்கினார். பாக்ஸ் ஸ்பேனர், நீளக் கம்பி, எந்தப் பக்கமும் மடங்குகிற மூட்டு, ஒரு ஜாண் ரப்பர் குழாய், இடைவெளி பார்க்கிற தகடு எல்லாம் பக்கத்தில்.

நாலு அடி தள்ளி தெசாங்கா விறகு அடுப்பை மூட்டியிருந்தாள். இரும்புத் தகட்டின் மேல் மிளகாய்கள் கறுத்து வெடித்துக்கொண்டிருந்தன. செப்டம்பர் கடைசி வாரம். தெருவில் எல்லா முற்றத்திலும் அதே புகைதான். குளிர்காலத்துக்கான ஐவார் விழுதுக்கு மிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, மாலை வரை கிளற வேண்டும்.

"உன் எண்ணெய்க் கையோட என் தட்டுப் பக்கம் வராத," என்றாள்.

"உன் புகை என் என்ஜினுக்குள்ள போகாம பார்த்துக்க."

"புகையைப் பார்த்து அது பயப்படுமா? பின்னாடி விடுறதைவிட இது கம்மிதான்."

முதல் மூன்று பிளக்குகள் சுலபமாக வந்தன. ஒயரின் மூடியை இழுக்காமல் லேசாகத் திருகிக் கழற்றினார். குழிக்குள் இருந்த தூசியை சைக்கிள் பம்பால் ஊதி வெளியேற்றினார். பிறகு ஸ்பேனர். எடுத்த பிளக்குகளை எந்தச் சிலிண்டரில் இருந்து வந்தனவோ அந்த வரிசையிலேயே ஒரு முட்டை அட்டையில் நட்டு வைத்தார். மூன்றும் வெளிர் பழுப்பு நிறம். நோய் அங்கே இல்லை.

எட்டரை மணிக்கு டைரக்டர் கிராதிமிர் வந்து சேர்ந்தார். கல்யாணம் மறுநாள்தான் என்றாலும் கோட்டும் டையும் போட்டிருந்தார். எழுபத்தாறு வயது. சவரத்தில் கீறிய கன்னத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது.

"என்ன இது, வயித்தைக் கிழிச்சு வெச்சிருக்க? நாளைக்கு ஓடுமா ஓடாதா?"

"ஓடும், டைரக்டர். மதியத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

"நான் ஏதாவது பிடிக்கணுமா?"

பதினோரு வருடத்தில் அவர் தன் பெட்டியைக்கூடத் தானே பிடித்ததில்லை. ராதென்கோ கொஞ்சம் யோசித்துவிட்டு டார்ச்சை நீட்டினார். டைரக்டர் அதை வாங்கி, ஏதோ மேடையில் விளக்கேற்ற வந்தவர்போல நிமிர்ந்து நின்று என்ஜினுக்கு வெளிச்சம் அடித்தார்.

"அங்க இல்ல டைரக்டர், குழிக்குள்ள. இன்னும் கீழ. ஆங், அசைக்காதீங்க."

அசைந்தது. கை நடுங்கியது. ராதென்கோ அதைப் பார்க்காததுபோல் வேலை செய்தார். ஐந்தாவது பிளக் வெளியே வந்தபோது இருவரும் குனிந்து பார்த்தார்கள். வெள்ளைப் பீங்கானில் மயிரிழைபோல ஒரு விரிசல். விரிசல் நெடுகக் கருப்புக் கோடு.

"இதான் விக்கல்," என்றார் ராதென்கோ.

"இத்தனூண்டா?"

"இத்தனூண்டு போதும். பொறி முனைக்குப் போகாம குறுக்கால ஓடிடும்."

புதுசு ஒன்றை எடுத்துத் தருவதாகச் சொல்லி டைரக்டர் போர்வைப் பக்கம் குனிந்தார். பிளக் விரலிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தது.

"ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை," என்றார் டைரக்டர், எடுத்துக் கோட்டில் துடைத்தபடி.

ராதென்கோ வாங்கித் தகட்டை நுழைத்துப் பார்த்தார். முனை மடங்கி இடைவெளி பாதியாகியிருந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டுதான் கையில், பதின்மூன்றாவது கிடையாது. பீங்கானை வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தப்பித்திருந்தது. முனையை மயிலிறகைத் தொடுவதுபோலத் தூக்கித் தூக்கி, தகடு சரியாக உரசிப் போகும் வரை கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். அப்புறம், "நீங்க டார்ச்சை மட்டும் பிடிங்க, டைரக்டர்," என்றார். சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு கடுப்பாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்தது. டைரக்டர், "சரி," என்று சொல்லி டார்ச்சைப் பிடித்தார்.

பதினொரு பிளக் முடிந்தது. பன்னிரண்டாவது வரவில்லை. வலப்பக்கத்தில் கடைசி, பின் தடுப்பை ஒட்டிய சிலிண்டரின் கீழ்ப்பிளக். ஸ்பேனர் பிடித்தது, கம்பி லேசாக முறுக்கிக்கொண்டது, பிளக் அசையவில்லை. இன்னும் அழுத்தினால் பீங்கான் உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் என்ஜினின் தலைப்பாகத்தையே கழற்ற வேண்டியதுதான். துரு இளக்குகிற எண்ணெயை நீளக் குழாயால் குழிக்குள் விட்டார்.

"அரை மணி ஊறட்டும்."

அந்த அரை மணியில்தான் எல்லாம் நடந்தது.

தெசாங்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள். சின்னக் கிண்ணங்களில் ராக்கியா என்கிற பழச் சாராயமும், ஒரு துண்டு சீஸும். மிளகாய்ச் சட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து தோலுரிக்கத் தொடங்கினாள். டைரக்டர் முதல் கிண்ணத்தை ஒரே மடக்கில் குடித்தார். இரண்டாவது வந்ததும் நெஞ்சு இளகியது.

"தெசாங்கா, உன் புருஷனைப் பத்தி உனக்குத் தெரியாது."

"முப்பத்தாறு வருஷமா தெரியாமத்தான் இருக்கேன், டைரக்டர்."

"சிரிக்காத. இவன் மாதிரி டிரைவர் இந்த நாட்டுலயே இல்ல. மந்திரி வந்தாரு, பேங்க்காரன் வந்தான், வக்கீல் வந்தான். பின்சீட்டுல என்னென்ன பேசியிருக்கோம்! ஒரு வார்த்தை வெளிய போயிருக்குமா? போகாது. காதே இல்லாத மனுஷன்."

"போதும் டைரக்டர்," என்றார் ராதென்கோ. ராக்கியா பாட்டிலை எடுத்து மூடி போட்டார்.

"இரு, சொல்றேன். ஆலை மூடுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அந்த ஆட்குறைப்பு லிஸ்ட்டு இருக்குல்ல? நானும் வக்கீலும் இந்த வண்டியிலதான் படிச்சோம். நீஷ்லேர்ந்து திரும்பி வர்றப்ப. நூத்தி நாப்பது பேரு. அவன் ஒவ்வொண்ணா சத்தமா வாசிக்கிறான், நான் டிக் போடுறேன். இவன் பொண்டாட்டி பேரும் வருது! உன் பேரு, தெசாங்கா! நான் இவன் பிடரியையே பாக்குறேன். ஸ்டீயரிங் அசையணுமே? ஊஹூம். கல்லு மாதிரி ஓட்டிட்டு வந்தான். அன்னைக்கே வக்கீல்கிட்ட சொன்னேன், இவன்டா ஆளுன்னு."

தெசாங்கா கையிலிருந்த மிளகாயின் தோல் பாதியில் நின்றது.

"எப்போ?" என்றாள். டைரக்டரைப் பார்த்துக் கேட்கவில்லை.

ராதென்கோவுக்கு நாள்கூட நினைவிருந்தது. "அக்டோபர்," என்றார்.

"அக்டோபர்ல எப்போ?"

"பெத்கா நாளுக்கு ஒரு வாரம் முன்னாடி."

புனித பெத்காதான் அவர்கள் குடும்பத்துக் காவல் புனிதை. வருடா வருடம் அந்த நாளில் வீடு நிறைய விருந்தாளிகள். அந்த வருடம் பேலா பலாங்காவிலிருந்து தெசாங்காவின் சித்தி மகள் யாகோதா வந்திருந்தாள். நான்கு தையல் மெஷின் வாங்கி ஆஸ்பத்திரி உடுப்பு தைக்கிற வேலை ஆரம்பிக்கப்போகிறேன், நீயும் கூட்டுச் சேர், உன் கையை நம்பித்தான் இறங்குகிறேன் என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டாள். தெசாங்கா சிரித்தாள். பதினெட்டு வருடமாக ஆலையில் இருக்கிறேன், அடுத்த வருடம் ஷிப்டு மேற்பார்வை என் கைக்கு வரப்போகிறது, அதை விட்டுவிட்டு நாலு மெஷினுக்கா என்றாள். பிறகு மேஜையின் அந்தப் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டாள். ஒயின் ஊற்றிக்கொண்டிருந்த ராதென்கோ, "உன் இஷ்டம்," என்றார்.

மூன்று வாரத்தில் வேலைநீக்கக் கடிதம் வந்தது. அதற்குள் யாகோதா வேறு ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுப் போக தெசாங்காவுக்கு மனம் வரவில்லை. அதன்பின் பள்ளிக்கூடத்தில் தரை துடைத்தாள், சந்தையில் ஐவார் விற்றாள். பதினோரு வருடம் ஓடிவிட்டது.

"உன் இஷ்டம்னு சொன்ன," என்றாள் தெசாங்கா.

ராதென்கோ காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு அவரிடம் காரணங்கள் இருந்தன. வெளியே கசிந்தால் கசியவிட்டது யார் என்று உடனே தெரிந்துவிடும். ஒரே மாதத்தில் இரண்டு வேலையும் போகும். பையன் அப்போது காலேஜில். இதையெல்லாம் அந்த வாரமே மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தார். ஆனால் அவற்றுக்குக் கீழே வேறொன்று கிடந்தது என்றும் அவருக்குத் தெரியும். பிடரி அசையாமல் ஓட்டினதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

டைரக்டர் மெல்ல எழுந்தார். விஷயம் எங்கே போய் இடித்தது என்று அவருக்கு இப்போதுதான் புரிந்திருந்தது. "நான் அப்புறமா..."

"உட்காருங்க," என்றாள் தெசாங்கா. "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க டைரக்டர். டிக் போடுறது உங்க வேலை. காப்பியைக் குடிங்க."

டைரக்டர் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் குடித்தார். அவள் மிச்ச மிளகாயை உரித்தாள். சூடு ஆறினால் தோல் ஒட்டிக்கொள்ளும், நிறுத்த முடியாது. எண்ணெய் விட்டு முப்பத்தைந்து நிமிடம் ஆனதும் ராதென்கோ எழுந்து வண்டிக்குப் போனார். வேறு எங்கே போவது?

ஸ்பேனரை மாட்டி முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு மயிரளவு திருப்பினார். பிறகு தளர்த்தினார். கிறீச் என்றது. மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி, கால் சுற்று, அரைச் சுற்று. பிளக் வெளியே வந்தது. மரையில் துரு, ஆனால் உலோகச் சீவல் எதுவும் இல்லை. என்ஜின் பக்கத்து மரை பிழைத்திருந்தது.

இனி புதுசை நுழைக்க வேண்டும். மற்றவற்றை ரப்பர் குழாயின் நுனியில் செருகிக் கையால் திருகி ஏற்றிவிட்டார். இங்கே குழாய் மடங்கிக்கொண்டது. விரலால்தான் முடியும். அவர் கை உள்ளே போகவில்லை. மணிக்கட்டு வரை போய் மாட்டிக்கொண்டது. ஒரு முறை சாய்வாக ஏறி இறுகுவதுபோல் இருந்தது. சட்டென்று எடுத்துவிட்டார். மரை குறுக்கே ஏறினால் தீர்ந்தது கதை. டைரக்டர் கையை நீட்டினார். தன் விரல்களைத் தானே பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார்.

தெசாங்கா குழாயடியில் கை கழுவுகிற சத்தம் கேட்டது. துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள். ராதென்கோவின் கையிலிருந்து பிளக்கை எடுத்தாள்.

"எங்க?"

"அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம், கீழ. தொட்டுப் பாரு, குழி தெரியும்."

அவள் கை சின்னது. ஆலையில் அறுந்த நூலைப் பல்சக்கரத்துக்கு நடுவில் கைவிட்டுக் கட்டியவள். கண்ணை மூடிக்கொண்டு முழங்கை வரை உள்ளே விட்டாள்.

"இருக்கு."

"முதல்ல இடப்பக்கம் திருப்பு. கழட்டுற மாதிரி. ஒரு சின்ன 'டக்' தெரியும். அதுக்கப்புறம் வலப்பக்கம்."

அவள் திருப்பினாள். மூவரும் காத்திருந்தார்கள்.

"டக்," என்றாள்.

"இப்ப வலப்பக்கம். பலம் குடுக்காத. தானா ஏறணும்."

"ஏறுது." விரல்நுனியால் சுற்றிச் சுற்றிக் கடைசிவரை ஏற்றினாள். கையை வெளியே எடுத்தபோது முழங்கையில் ஒரு கறுப்புக் கோடு. ராதென்கோ துணியை நீட்டினார். அவள் தன் துணியிலேயே துடைத்துக்கொண்டு அடுப்புக்குப் போனாள்.

அவர் ஸ்பேனரால் கடைசிக் கால் சுற்று இறுக்கினார். ஒயர் மூடிகளுக்குள் கிரீஸ் தடவி மாட்டி, பானெட்டை இறக்கி மூடினார். சாவியைத் திருப்பியதும் என்ஜின் ஒரே பிடியில் கிளம்பி, பூனை உறுமுவதுபோலச் சீராக ஓடியது. பானெட் மேல் வைத்துப் பார்த்த காப்பிக் கோப்பையில் ஒரு அலைகூட இல்லை. "பிரமாதம்!" என்றார் டைரக்டர்.

அன்று மாலை வரை அவள் விழுதைக் கிளறினாள். அவர் ஜாடிகளைக் கழுவிக் கொடுத்தார். தேவையான வார்த்தைகள் மட்டும் நடமாடின: உப்பு, மூடி, தள்ளு.

ஞாயிறு காலையில் டைரக்டர் வந்தபோது தெசாங்கா நல்ல கோட்டு மாட்டிக்கொண்டு, கூடையில் நான்கு ஜாடி ஐவாருடன் வாசலில் நின்றாள்.

"நீயும் வர்றியா?" என்றார் ராதென்கோ.

"பேலா பலாங்கால இறக்கி விடு. யாகோதா வீட்டுல."

அவள் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். டைரக்டர் ஒரு நிமிடம் நின்றார்; பிறகு தன் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பள்ளத்தாக்கு நெடுக ஒரு உலுக்கல் இல்லாமல் வண்டி போனது. பேலா பலாங்காவில் தெசாங்கா கூடையோடு இறங்கிக்கொண்டாள்.

கல்யாண மண்டபத்து வாசலில் வண்டியை யாரும் கவனிக்கவில்லை. அக்கார்டியனும் ஊதுகுழலும் முழங்க, எல்லார் போனும் பெண்ணைத்தான் படம் பிடித்தன. மகள் ஓடி வந்து, "அப்பா, இங்க நிறுத்தக் கூடாது, பஸ் வரணும்," என்றாள். டைரக்டர் இறங்கிக் கோட்டைச் சரிசெய்துகொண்டார். ஜன்னல் வழியாகக் குனிந்து, "ராதென்கோ, நான் நல்லதுன்னு நெனைச்சுதான் சொன்னேன்," என்றார்.

"தெரியும், டைரக்டர். ராத்திரி உங்களை மகளே கொண்டுவந்து விடட்டும்."

அதற்கு முன் அவர் டைரக்டரிடம் எதையும் முடியாது என்று சொன்னதில்லை. டைரக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

பேலா பலாங்காவில் யாகோதாவின் வீட்டு வாசலில் ராதென்கோ மூன்று மணி நேரம் காத்திருந்தார். உள்ளே போகலாமா என்று இரண்டு தடவை வண்டிக் கதவைத் திறந்து மூடினார். நாலு மணிக்கு தெசாங்கா வந்தாள். கூடை காலியாக இருந்தது. இந்த முறை முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"இப்ப பதினொரு மெஷின் ஓட்டுறா," என்றாள். "தைக்கிற பொண்ணுங்க இருக்காங்களாம், சரிபார்க்க ஆள் இல்ல. திங்கள், புதன், வெள்ளி. காலைல ஏழு மணி."

"பஸ்ஸு ஏழரைக்குத்தான் கிளம்பும்."

"பஸ்ஸை யாரு கேட்டா? நீ ஓட்டு. வாயை மூடிக்கிட்டு ஓட்டு. அதான் உனக்கு நல்லா வருமே."

அவர் ஓட்டினார். அக்டோபர் முழுக்க, நவம்பர் முழுக்க, வாரம் மூன்று நாள். பெட்ரோல் அதிகம் என்று ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. பெத்கா நாளுக்கு யாகோதா வந்தாள்; ராதென்கோ ஒயின் ஊற்றினார். விருந்தாளிகள் போன பிறகு, பாத்திரம் துடைத்துக்கொண்டே, "அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்," என்றார்.

"சொல்லியிருக்கணும்," என்றாள் தெசாங்கா. அடுத்த தட்டை நீட்டினாள்.

மன்னித்தாளா என்று அவர் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, எதிரே லாரி ஒன்று வழுக்கி நின்றதால் சாலை அடைபட்டுவிட்டது. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அவள் தானாகவே, தையல் பட்டறையில் ஒருத்தி எப்போதும் உடுப்பின் இடது கையைத் தலைகீழாகத் தைத்துவிடுகிறாள் என்றும், திட்டினால் அழுகிறாள் என்றும், திட்டாவிட்டால் மறுபடி அதையே செய்கிறாள் என்றும் சொல்லத் தொடங்கினாள். ராதென்கோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் நிறுத்தியதும், "அவ பேரு என்ன?" என்று கேட்டார்.

அவள் பெயரைச் சொன்னாள். லாரியை ஒதுக்கிவிட்டார்கள். ராதென்கோ கியரைப் போட்டு வண்டியை மெதுவாக நகர்த்தினார்.